குரல்வளையில் மரு: அறிக்கையில் 'எச்பிவி' என்று இருந்தால் அஞ்ச வேண்டுமா?

(மூத்த குடியிருப்பாளர்களுக்காகச் சமூக மன்றத்தில் நடைபெற்ற சுகாதார உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் அல்ல, மொழிபெயர்ப்பாளர். சுகாதாரத் துண்டுப்பிரசுரங்களைத் தமிழில் எழுதுவதும், மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையில் அமர்ந்து இருவர் பேச்சையும் மாற்றிச் சொல்வதும் என் வேலை. அதனால் இன்று ஒரு நோயைப் பற்றி மட்டுமன்றி, அந்த நோயைக் குறிக்கும் சொற்களைப் பற்றியும் பேசப் போகிறேன். நோயைவிட அதன் பெயர் மனத்தைப் புண்படுத்துவதைப் பலமுறை நேரில் பார்த்திருக்கிறேன்.

மூச்சுப் பாதையில், குறிப்பாகக் குரல்வளையில் வளரும் மருதான் இன்றைய பொருள். இது புற்றுநோய் அல்ல. ஆனால் ஆய்வுக்கூட அறிக்கையில் 'எச்பிவி கண்டறியப்பட்டது' என்று ஒரு வரி வரக்கூடும். அந்த வரிக்கு என்ன பொருள், என்ன பொருள் இல்லை என்பது தெரிந்தால் தேவையில்லாத அச்சமும் வெட்கமும் குறையும்.

குரல் கம்முவது எப்போது கவனிக்கப்பட வேண்டும்?

தைப்பூசத்தன்று 'வேல் வேல்' என்று முழங்கிவிட்டு வந்தால் மறுநாள் குரல் கம்மும். சளி பிடித்தாலும் கம்மும். பேரப்பிள்ளைகளை அதட்டினாலும் கம்மும். இவையெல்லாம் சில நாள்களில், அதிகம் போனால் இரண்டு வாரங்களில் சரியாகிவிடும்.

நம் வீடுகளில் குரல் கம்மினால் உடனே கைவைத்தியம் தொடங்கும். மிளகுப் பால், பனங்கற்கண்டு, சித்தரத்தை, அதிமதுரம். இவை தொண்டைக்கு இதமாக இருக்கும், அதில் தவறில்லை. ஆனால் குரல்நாணில் ஒரு வளர்ச்சி இருந்தால் அதை இவற்றால் கரைக்க முடியாது. 'இன்னும் ஒரு வாரம் குடித்துப் பார்ப்போம்' என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்: குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். புகைப்பவர்களும் முன்பு புகைத்தவர்களும் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எச்சிலில் இரத்தம், விழுங்குவதில் சிரமம், கழுத்தில் கட்டி, ஒரு பக்கக் காதுவலி ஆகியவை சேர்ந்து வந்தால் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். மூச்சு இழுக்கும்போது 'கீச்' என்று ஒலி கேட்டு, மூச்சுவிடவும் சிரமமாக இருந்தால் அது அவசரநிலை. உடனே 995ஐ அழைக்க வேண்டும்.

எல்லாக் கட்டியும் ஒன்றல்ல

தமிழில் நாம் எதற்கும் 'கட்டி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வேனில் கட்டியும் கட்டிதான், புற்றுநோய்க் கட்டியும் கட்டிதான். 'தொண்டையில் கட்டி இருக்கிறது' என்று கேட்டதும் நெஞ்சு பதறுவது இதனால்தான்.

உண்மையில் குரல்வளையில் வளரும் பலவும் தீங்கற்றவை. அதாவது அவை அருகிலுள்ள திசுக்களை அரித்துக்கொண்டு உள்ளே போவதில்லை, உடலின் வேறு இடங்களுக்குப் பரவுவதுமில்லை. ஓயாமல் பேசுபவர்கள், பாடுபவர்கள், ஆசிரியர்கள் போன்றவர்களின் குரல்நாணில் காய்ப்புப் போன்ற சிறு முடிச்சுகள் வரும். நீர் கோத்த பை போன்ற வளர்ச்சிகளும் உண்டு. இவை பெரும்பாலும் குரலை அதிகமாகப் பயன்படுத்துவதால் வருபவை. கிருமிக்கும் இவற்றுக்கும் பொதுவாகத் தொடர்பில்லை.

பாப்பிலோமா என்பது வேறு வகை. தமிழில் இதற்கு ஏற்ற சொல் 'மரு'. கையிலும் கழுத்திலும் மரு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோன்ற ஒன்று குரல்நாணின் மேல் வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்குச் சிறிய திராட்சைக் கொத்துப் போலவோ காலிஃபிளவர் பூப் போலவோ இருக்கும். குரல்நாண்கள் இரண்டும் ஒன்றோடொன்று சீராகச் சேர்ந்து அதிர்ந்தால்தான் குரல் தெளிவாக வரும். நடுவில் மரு இருந்தால் அவை சரியாகச் சேராது. குரல் கரகரக்கும். மரு பெரிதானால் மூச்சு போகும் வழியும் குறுகும்.

இந்த மருவை அகற்றினாலும் பலருக்கு மீண்டும் வளர்கிறது. அதனால்தான் இந்த நோயின் மருத்துவப் பெயரிலேயே 'மீண்டும் மீண்டும் வரும்' என்ற பொருள் இருக்கிறது.

இது அரிய நோய். அமெரிக்காவில் 1990களில் எடுத்த கணக்கின்படி, 100,000 பெரியவர்களில் ஏறத்தாழ 2 பேருக்கும், 100,000 பிள்ளைகளில் ஏறத்தாழ 4 பேருக்கும் இது இருந்தது. 'அப்படியானால் எங்களுக்கு ஏன் இதைச் சொல்கிறீர்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இது பெரும்பாலும் சிறுபிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வரும் நோய் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஐரோப்பிய மருத்துவமனைகளின் நோயாளிகளை ஆராய்ந்தபோது, நோய் தொடங்கும் வயது மூன்று இடங்களில் உச்சம் காண்பது தெரிந்தது: ஏறத்தாழ 7, 35, 64. மூன்றாவது எண்ணைக் கவனியுங்கள். அது இங்கே அமர்ந்திருக்கும் பலருடைய வயது.

காரணம் கிருமி என்று எப்படித் தெரிந்தது?

இந்த மருவுக்குக் காரணம் மனிதப் பாப்பிலோமா கிருமி. சுருக்கமாக எச்பிவி. இதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். கையில் சாதாரண மரு வரச் செய்பவை சில. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமானவை வேறு சில.

தொண்டை மருவுக்கு ஏதோ ஒரு தொற்று காரணமாக இருக்க வேண்டும் என்ற சந்தேகம் நூறாண்டுக்கு முன்பே இருந்தது. வியன்னாவைச் சேர்ந்த உல்மன் என்ற மருத்துவர், ஒரு பிள்ளையின் குரல்வளையிலிருந்து எடுத்த மருவை அரைத்துத் தம் கையிலேயே செலுத்திக்கொண்டார். அந்த இடத்தில் மரு முளைத்தது. இதை அவர் 1923இல் வெளியிட்டார். இன்றைக்கு யாரும் இப்படிச் செய்ய அனுமதி கிடைக்காது. ஆனால், தொற்றக்கூடிய ஒன்று மருவுக்குள் இருக்கிறது என்பதை அது காட்டியது.

அந்தப் பொருள் எது என்று பெயர் சொல்ல அறுபது ஆண்டுகள் ஆயின. 1980களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள் தொண்டை மருக்களில் எச்பிவியின் மரபணுவைக் கண்டறிந்தார்கள். 1982இல் ஜெர்மனியில் ஹரால்ட் சுர் ஹௌசனின் ஆய்வுக்குழு, ஒரு குரல்வளை மருவிலிருந்தே ஒரு வகையைப் பிரித்தெடுத்தது. அதுதான் 11ஆம் வகை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் எச்பிவிதான் காரணம் என்று கண்டறிந்ததற்காகச் சுர் ஹௌசன் 2008இல் நோபெல் பரிசு பெற்றார்.

இன்று நமக்குத் தெரிந்தது இது: குரல்வளை மருக்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் 6ஆம் வகையும் 11ஆம் வகையும்தான். இவை 'குறைந்த அபாய' வகைகள். புற்றுநோயோடு அதிகமாகத் தொடர்புபடுத்தப்படும் 16, 18 ஆகியவை 'அதிக அபாய' வகைகள். எச்பிவி என்ற ஒரே குடும்பப் பெயர் இருந்தாலும் பிள்ளைகளின் குணம் வேறு வேறு. எனவே 'எச்பிவி' என்ற மூன்றெழுத்தைப் பார்த்ததும் முடிவுக்கு வராமல், அதற்குப் பக்கத்தில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள்.

பரிசோதனை எப்படி நடக்கிறது?

முதலில் குடும்ப மருத்துவரோ பலதுறை மருந்தக மருத்துவரோ உங்களைக் காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்புவார். அவர் நுனியில் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை மூக்கு வழியாக விட்டுக் குரல்வளையைப் பார்ப்பார். மரத்துப்போகும் மருந்தை முதலில் தெளிப்பார்கள். சற்று அசௌகரியமாக இருக்கும். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

மரு போலத் தெரிந்தால், அதில் ஒரு சிறு துண்டை எடுக்க வேண்டும். பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்து, மருவை அகற்றும்போதே மாதிரியும் எடுப்பார்கள். அந்தத் திசு ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அங்கே மூன்று வகையான சோதனைகள் உண்டு.

முதலாவது, கண்ணால் பார்ப்பது. திசுவைப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழையாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எச்பிவி புகுந்த உயிரணுக்களில் பலவற்றின் நடுவில் கரு சுருங்கியும், அதைச் சுற்றி வெள்ளை வளையம் போலவும் தெரியும். அனுபவமுள்ள நிபுணர் இதை வைத்தே 'இது பாப்பிலோமா' என்று சொல்லிவிடுவார். புற்றுநோயின் அறிகுறி இருக்கிறதா என்பதையும் இந்தப் படியில்தான் தீர்மானிக்கிறார்கள். ஆகவே மூன்றில் முக்கியமானது இதுதான்.

இரண்டாவது, பிசிஆர். இந்தப் பெயர் கொவிட்-19 காலத்திலிருந்து உங்களுக்குப் பழக்கம்தான். அப்போது மூக்கில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தார்கள். இங்கே எடுத்த மருவிலேயே சோதனை நடக்கும். எச்பிவியின் மரபணு ஏறத்தாழ 8,000 எழுத்துகளில் எழுதிய சிறிய குறிப்பு. மனிதனுடையது ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். அவ்வளவு பெரிய புத்தகக் குவியலுக்குள் இந்தச் சிறு குறிப்பை எப்படித் தேடுவது?

சதுரங்கக் கட்டத்தில் அரிசி வைத்த கதை தெரியும் அல்லவா? முதல் கட்டத்தில் ஒரு மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு. அரசன் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். கடைசியில் களஞ்சியம் போதவில்லை. பிசிஆர் இயந்திரமும் அதையே செய்கிறது. மாதிரியைச் சூடாக்கி, ஆற வைத்து, மீண்டும் சூடாக்கும். ஒவ்வொரு சுற்றிலும் எச்பிவிக்கு மட்டுமே உரிய சிறு பகுதி இரண்டாகப் பெருகும். 10 சுற்றில் ஒன்று ஆயிரத்துக்கு மேலாகும். 20 சுற்றில் பத்து லட்சத்தைத் தாண்டும். 30 சுற்றில் 100 கோடியைத் தாண்டும். அதன்பின் அது எந்த வகை எண் என்று படிப்பது எளிது.

இந்தப் பலமே பிசிஆரின் பலவீனமும் ஆகும். மிகச் சிறிய தடயத்தைக்கூட அது காட்டிவிடும். அந்தக் கிருமி மருவுக்குக் காரணமாக இருக்கலாம். வெறுமனே மேற்பரப்பில் தங்கியிருந்ததாகவும் இருக்கலாம். 'இருக்கிறது' என்பது வேறு, 'காரணம்' என்பது வேறு.

அங்கேதான் மூன்றாவது சோதனை உதவுகிறது. கிருமியின் மரபணுவோடு மட்டும் ஒட்டும் சாயத்தை, சீவி எடுத்த திசுவின் மீதே இடுவார்கள். கிருமி உயிரணுவுக்குள்ளேயே இருந்தால் அந்த இடம் நிறம் மாறித் தெரியும். பிசிஆர் 'வீட்டில் ஆள் இருக்கிறார்' என்று சொல்லும். இந்தச் சோதனை 'எந்த அறையில் இருக்கிறார்' என்று காட்டும்.

இந்த மூன்றும் எல்லா நோயாளிக்கும் செய்ய வேண்டும் என்பதில்லை. முதல் சோதனையே தெளிவாக இருந்தால் சிலருக்கு வகை எண் பார்க்காமலே சிகிச்சை தொடரும். 'எனக்கு ஏன் பிசிஆர் செய்யவில்லை?' என்று கவலைப்பட வேண்டாம். மருத்துவரிடம் கேட்டால் காரணம் சொல்வார். இன்னொன்று: தொண்டை மருவுக்கான எச்பிவியை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாது. இந்தக் கிருமி தோலிலும் உள்சவ்விலும் தங்குகிறது, இரத்தத்தில் சுற்றுவதில்லை. மரு இல்லாதவர்கள் தொண்டையில் எச்பிவி இருக்கிறதா என்று தேடிப் பரிசோதிக்க வேண்டியதும் இல்லை.

அறிக்கையை எப்படிப் புரிந்துகொள்வது?

'6ஆம் வகை' அல்லது '11ஆம் வகை' கண்டறியப்பட்டது என்று இருந்தால்: இது எதிர்பார்த்த விடைதான். மருவுக்கான காரணம் தெரிந்துவிட்டது. 11ஆம் வகை உள்ள சிலருக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, மரு விரைவாகத் திரும்பி வரலாம். அதனால் மருத்துவர் உங்களைச் சற்று அடிக்கடி வரச் சொல்லலாம்.

'16ஆம் வகை' அல்லது '18ஆம் வகை' என்று இருந்தால்: புற்றுநோய் வந்துவிட்டது என்று பொருளல்ல. கூடுதல் கண்காணிப்புத் தேவை என்று பொருள்.

'கண்டறியப்படவில்லை' என்று இருந்தால்: கவலைப்படத் தேவையே இல்லை என்று பொருளல்ல. எச்பிவி இல்லாமலும் மரு வரலாம். மருத்துவர் சொன்ன நாளில் தவறாமல் போக வேண்டும்.

எண்ணைவிட முக்கியமான ஒரு சொல் அறிக்கையில் இருக்கும்: 'டிஸ்பிளேசியா'. உயிரணுக்கள் ஒழுங்கு மாறத் தொடங்கியிருப்பதை அது குறிக்கும். 'டிஸ்பிளேசியா இருக்கிறதா, எந்த அளவில்?' என்று மருத்துவரிடம் கேளுங்கள். தொண்டை மரு புற்றுநோயாக மாறுவது நூற்றில் சிலருக்கு மட்டுமே. புகைபிடிப்பது அந்த அபாயத்தைக் கூட்டும். எனவே மரு உள்ளவர் தமக்காகச் செய்துகொள்ளக்கூடிய பெரிய உதவி புகைப்பதை நிறுத்துவதுதான்.

மூக்கிலும் இதுபோன்ற ஒரு வளர்ச்சி வருவதுண்டு. அது வெளியே தள்ளாமல் உள்நோக்கி மடிந்து வளரும். பெரும்பாலும் 50, 60 வயதுகளில், பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். சிலருடைய திசுவில் எச்பிவி தென்படுகிறது, பலருடையதில் இல்லை. இங்கே அறிகுறிதான் முக்கியம்: ஒரு பக்க மூக்கு மட்டும் நீண்ட நாள் அடைத்திருந்தாலோ, அந்தப் பக்கம் அடிக்கடி இரத்தம் கசிந்தாலோ 'சைனஸ்தான்' என்று விட்டுவிடாதீர்கள். மூக்கிலுள்ள இந்த வகை புற்றுநோயாக மாறும் வாய்ப்பு தொண்டை மருவைவிடச் சற்று அதிகம். அதனால் முழுமையாக அகற்றுவார்கள்.

யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி

இப்போது மொழிபெயர்ப்பாளராக நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய எதையும் சொல்லமாட்டேன்.

ஒரு பெரியவருக்குக் குரல்வளை மரு அகற்றப்பட்டு, அறிக்கை வந்தது. உடன் வந்தவர் மகன். வழக்கமாக மகன்தான் அப்பாவுக்கு மொழிபெயர்ப்பார். மருத்துவர் எச்பிவியைப் பற்றி விளக்கினார். மகன் அப்பாவிடம், 'ஏதோ கிருமியாம், ஒன்றுமில்லையாம்' என்று மட்டும் சொன்னார். ஏன் சுருக்கினார்? எச்பிவி பாலுறவு வழியாகவும் பரவும் என்பதை அவர் கைப்பேசியில் படித்திருந்தார். அதை அப்பாவிடம் சொல்லக் கூச்சம். அம்மாவிடம் சொல்ல அதைவிடக் கூச்சம்.

ஆனால் அப்பாவும் அறிக்கையை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காட்டிப் பாதியைத் தெரிந்துகொண்டார். அடுத்த முறை நான் மொழிபெயர்க்கப் போனபோது, வீட்டில் தமக்கென்று தனிக் குவளை, தனித் தட்டு வைத்துக்கொண்டதாகச் சொன்னார். பேத்தியைத் தூக்கி முத்தமிடுவதில்லை. மனைவியிடம் சரியாகப் பேசுவதுமில்லை. மூன்று மாதமாக இப்படி. மருத்துவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

அன்று அவர் என் வழியாக முதன்முறையாகக் கேட்டார்: 'என்னால் பேத்திக்கு இது வருமா?' மருத்துவர் சொன்ன விடையை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். இங்கேயும் அதன் சாரத்தைச் சொல்கிறேன்.

தொண்டை மரு ஒரே குவளையில் குடிப்பதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கட்டி அணைப்பதாலோ, பக்கத்தில் அமர்ந்து பேசுவதாலோ வீட்டாருக்குப் பரவும் நோயாகக் கருதப்படுவதில்லை. பாத்திரத்தைத் தனியாக வைக்க வேண்டியதில்லை. பேத்தியைத் தூக்கலாம், கொஞ்சலாம்.

எச்பிவி தோலோடு தோல், சவ்வோடு சவ்வு நெருங்கும் தொடர்பில் பரவுகிறது. பாலுறவு அதில் ஒரு வழி. பிறக்கும்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு வருவது இன்னொரு வழி. மணவாழ்க்கை வாழ்ந்த பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு வகை எச்பிவி ஒருமுறையாவது வந்திருக்கும். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு உடலே இரண்டு ஆண்டுகளுக்குள் அதை அடக்கிவிடும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வெகு சிலருக்கு மட்டும் அது பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து பிறகு தலைகாட்டும். 64 வயதில் தெரியும் மருவுக்கான கிருமி எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. ஆகவே அந்த அறிக்கை யாருடைய ஒழுக்கத்துக்கும் சான்றிதழ் அல்ல. கணவர் மீதோ மனைவி மீதோ குற்றம் சாட்டும் ஆவணமும் அல்ல.

இதைக் கேட்டதும் அந்த ஐயா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, 'இதை என் வீட்டம்மாவிடமும் நீங்களே சொல்வீர்களா?' என்று கேட்டார். அடுத்த முறை இருவரும் சேர்ந்து வந்தார்கள்.

இதிலிருந்து நான் உங்களிடம் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். பிள்ளைகள் மொழிபெயர்ப்பது நல்லது. ஆனால் பெற்றோரிடம் சொல்லக் கூசும் சொல்லை அவர்கள் விழுங்கிவிடக்கூடும். அது அவர்கள் தவறல்ல, பாசம். எனவே மருத்துவமனையில் முன்பதிவு செய்யும்போதே, 'தமிழ் பேசும் தாதியோ மொழிபெயர்ப்பாளரோ கிடைப்பாரா?' என்று கேளுங்கள். சந்தேகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். அறையிலேயே கேட்டுவிடுங்கள்.

சிகிச்சையும் தடுப்பும்

மருவை அகற்றச் சிறிய சுழலும் கருவியையோ லேசர் ஒளியையோ பயன்படுத்துவார்கள். வெளியே வெட்டுக் காயம் இருக்காது. எல்லாம் வாய் வழியாகவே நடக்கும். குரல்நாண் மென்மையானது. அதனால் மருவை ஒரேயடியாகச் சுரண்டி எடுப்பதைவிட, குரல் கெடாமல் அளவாக எடுப்பதையே மருத்துவர்கள் விரும்புவார்கள். 'முழுவதும் எடுக்கவில்லையே' என்று நினைக்க வேண்டாம். மீண்டும் வளர்ந்தால் மீண்டும் எடுக்கலாம். அடிக்கடி வளர்பவர்களுக்குச் சில மருந்துகளும் உண்டு. பெரியவர்களுக்கு வரும் இந்நோய்க்கென்றே உருவான முதல் மருந்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில் அனுமதி வழங்கியது.

செலவைப் பற்றிய கவலை இருந்தால், பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் செல்லுங்கள். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசாங்க மருத்துவமனையில் மானியம் கிடைக்கும். மெடிசேவ் பயன்பாட்டைப் பற்றி மருத்துவச் சமூக சேவையாளரிடம் கேட்கலாம்.

உங்களுக்குத் தடுப்பூசி போடும் வயது கடந்திருக்கலாம். பேரப்பிள்ளைகளுக்கு அப்படியில்லை. சிங்கப்பூரில் 2019 முதல் உயர்நிலை ஒன்று மாணவிகளுக்குப் பள்ளியிலேயே எச்பிவி தடுப்பூசி போடப்படுகிறது. ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வரும். அதைப் பார்த்து, 'சின்னப் பிள்ளைக்கு இது எதற்கு?' என்று தாத்தா பாட்டி முகம் சுளித்தால் பெற்றோரும் தயங்குவார்கள். கிருமி வருவதற்கு முன்பு போட்டால்தான் தடுப்பூசி நன்றாக வேலை செய்யும். சிறு வயதில் போடுவதற்கு முக்கியக் காரணம் அதுதான்.

எச்பிவி தடுப்பூசிகள் எல்லாம் ஒன்றல்ல. 16, 18 ஆகிய வகைகளை மட்டும் இலக்காகக் கொண்டவை உண்டு. 6, 11 ஆகியவற்றையும் சேர்த்துத் தடுப்பவையும் உண்டு. தொண்டை மருவைத் தடுக்கக்கூடியவை அவைதான். 'இந்தத் தடுப்பூசி எந்த வகைகளைத் தடுக்கும்?' என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் 2007 முதல் 6, 11 ஆகியவற்றையும் தடுக்கும் தடுப்பூசியைப் பெண்பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கினார்கள். அங்கே தொண்டை மரு புதிதாகக் கண்டறியப்பட்ட பிள்ளைகள் 2012இல் 7 பேர். 2016இல் ஒரே ஒருவர்.

வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை

- குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.
- ஒரு பக்க மூக்கடைப்பும் இரத்தக் கசிவும் தொடர்ந்தால் அதையும் காட்டுங்கள்.
- அறிக்கையில் எச்பிவி என்று இருந்தால் வகை எண்ணையும் 'டிஸ்பிளேசியா' உண்டா என்பதையும் கேளுங்கள்.
- குவளையையும் தட்டையும் பிரிக்க வேண்டாம். பேரப்பிள்ளைகளைத் தள்ளி வைக்க வேண்டாம்.
- புகைபிடிப்பதை நிறுத்துங்கள்.
- மரு அகற்றிய பிறகும் மறுபரிசோதனைக்குத் தவறாமல் செல்லுங்கள்.
- பேரப்பிள்ளைகளின் தடுப்பூசிப் படிவம் வந்தால் தடை சொல்லாமல், விவரம் கேட்டு ஊக்கப்படுத்துங்கள்.

மருத்துவர் பேசும் மொழி உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் உடல் உங்களுடையது. அதைப் பற்றி முழுமையாகத் தெரிந்துகொள்ளும் உரிமையும் உங்களுடையதே. புரியாத சொல் வந்தால், 'இதற்குத் தமிழில் என்ன?' என்று தயங்காமல் கேளுங்கள். சொல்வதற்கு நாங்கள் இருக்கிறோம்.